கூட்டிப் படித்த மதிப்பெண்கள்

பாரிசில் திங்கட்கிழமை பிறக்கும் பொழுதில் கலிபோர்னியாவில் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ரக்பி ஆட்டத்துக்கென்றே பிரான்சில் வெளிவரும் செய்தித்தாளின் திங்கட்பதிப்பு அந்நேரத்தில் என் கைக்கணினிக்கு வந்து சேரும். மூன்றரைக்குச் சன்னிவேலில் என் மகன் வீட்டிலிருந்து புறப்படுவேன். நான்கு மணிக்கு, என் நண்பர் தம் மகளோடு குடியிருக்கும் அடுக்ககத்தின் பின்புறப் பூங்காவில், ஒரு மரமேசையின் இருபுறமும் நானும் அவரும் அமர்ந்திருப்போம். நான் உரக்கப் படிப்பேன், அவர் கேட்பார். இரண்டு ஆட்டப் பருவங்களாக இந்த ஒழுங்கு தவறியதில்லை.

அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. ஓரங்களில் உருவங்கள் தெரியும். நேரே நோக்குவதெல்லாம் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். எதிரே வருபவரின் தோளைக் கண்டுகொள்வார், முகம் தெரியாது. எழுத்து அடியோடு போய்விட்டது. மகள் அவருடைய கைப்பேசியில் எழுத்தை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்றை நிறுவிக் கொடுத்திருந்தாள். அது ஐந்து பத்திகள் கொண்ட பக்கத்தைக் குறுக்காகப் படித்தது. ஆட்டத்தின் நடுவே டயர் விளம்பரம் புகுந்தது. ஆட்டக்காரர்களின் மதிப்பெண் கட்டத்தைப் பெயர்களெல்லாம் ஒரு மூச்சிலும் எண்களெல்லாம் மறுமூச்சிலுமாக ஒப்பித்தது.

அந்தச் செயலியை அவர் வைதுகொண்டிருந்தபோதுதான் அவரை முதன்முதலாகக் கண்டேன். எல் கமினோ ரியால் சாலையிலுள்ள ஓர் உணவகத்தில் காப்பிக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் கைப்பேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சு மொழியில் வசைமாரி பொழிந்தார். முப்பத்தோராண்டுகள் தமிழ்நாட்டுக் கல்லூரியொன்றில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அவ்வளவு கொச்சையான வசையில் அவ்வளவு பிழையற்ற வினைவடிவங்களை எந்த மாணவரிடமிருந்தும் நான் கேட்டதில்லை. என்னை மறந்து தமிழிலேயே பாராட்டிவிட்டேன்.

அவர் திரும்பினார். "பிரெஞ்சு தெரியுமா?" என்றார் தமிழில்.

"இலக்கணம் தெரியும்."

"அது கெடக்கட்டும். கண்ணு தெரியுதா?"

"கண்ணாடி அணிந்தால் தெரியும்."

"அப்ப இந்தக் கட்டத்துல மூணாம் நம்பருக்கு எவ்ளோ போட்டிருக்கான், பாருங்க."

பார்த்துச் சொன்னேன். எங்கள் நட்பு அந்த ஓர் எண்ணில் தொடங்கியது.

அவர் புதுச்சேரிக்காரர். தந்தைவழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. இருபத்திரண்டு வயதில் தென்மேற்குப் பிரான்சின் சிற்றூர் ஒன்றுக்குப் போய், அங்கே அஞ்சலகத்தில் முப்பத்தைந்தாண்டுகள் பணி செய்தவர். அவ்வூரில் மாதாகோயில் ஒன்று, சந்தைத்திடல் ஒன்று, ரக்பிக் கழகம் ஒன்று. இம்மூன்றில் எதற்குக் கூட்டம் மிகுதி என்று அவரிடம் கேட்கவே வேண்டாம்; தாமே சொல்லிவிடுவார். வார நாள்களில் கடிதங்களைப் பிரித்தவர், ஞாயிறுதோறும் வட்டார நாளிதழ் ஒன்றுக்கு ஊர்ச் செய்தியாளராக இருந்தார். பிரான்சின் விளையாட்டிதழ்கள் இத்தகையோரின் தோள்மீதுதான் நிற்கின்றன என்பதை அவரிடமிருந்தே அறிந்தேன். பெருநகரத்து எழுத்தாளர் பெருங்கழகங்களைப் பார்த்துக்கொள்வார். சேற்றில் நடக்கும் ஆயிரம் சிறிய ஆட்டங்களை அஞ்சலகத்தாரும் பள்ளி ஆசிரியரும் பார்த்து, குறிப்பெடுத்து, ஆட்டம் முடிந்ததும் தொலைபேசியில் சொல்வார்கள். அணிப்பட்டியல், புள்ளிகள், பத்து வரியில் ஒரு வருணனை, கடைசியாக ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண். இருபத்தாறு ஆண்டுகள் அவர் மதிப்பெண் போட்டார். ஏழுக்கு மேல் எவருக்கும் போட்டதில்லை.

"எட்டை எதற்கு வைத்திருந்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாராவது வருவான்னு வச்சிருந்தேன். வரல."

ரக்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதிருந்தது. எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தோள்கோத்துக் குனிந்து, நடுவில் பந்தை இட்டு, முட்டித் தள்ளும் நிலையை முதலில் ஒரு விபத்தென்றே எண்ணினேன். அதற்கு 'முட்டுத்திரள்' என்று தமிழ்ப்பெயர் கண்டேன். முதற்சில வாரங்கள் செய்திகளை நல்ல தமிழில் பெயர்த்துப் பெயர்த்துப் படிக்கவும் செய்தேன்.

"வாத்தியாரே," என்று அவர் கையை உயர்த்தினார். "மெலேன்னா மெலே. முட்டுத்திரள்னு சொன்னா எனக்கு மாட்டுச்சந்தை ஞாபகம் வருது. அவன் எழுதினத அப்படியே படிங்க. நான் மூணு வருஷமா அத கேக்கல."

அதன்பின் மூலத்தையே படித்தேன். படிக்கப் படிக்க அவ்விதழின் நடையில் எனக்கும் மயக்கம் ஏற்பட்டது. தோற்ற அணியை அவர்கள் எழுதும் விதமே தனி. வெற்றிக்கு ஒரு பத்தி போதும்; தோல்விக்கு அரைப்பக்கம். மழை, சேறு, நடுவரின் சீழ்க்கை, பயிற்சியாளர் வாய் திறவாமல் பேருந்தில் ஏறியது, எல்லாம் வரும். இறுதியில் அந்த மதிப்பெண் கட்டம் வரும். பதினைந்தாம் எண் தொடங்கி முதலாம் எண்வரை இறங்கி, பிறகு பெஞ்சில் காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள். இரக்கம் என்பது துளியும் இராது.

சென்ற குளிர்காலத்தில் அவருடைய கழகம் இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்தது. கடைசி இடத்தில் முடித்தால் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அணித்தலைவர் மூன்றாம் எண். முன்வரிசையின் வலப்புறத்தில் நின்று மொத்தச் சுமையையும் கழுத்தில் தாங்குபவர். அவ்விடத்தைப் பிரெஞ்சில் 'தூண்' என்பார்கள். அந்தத் தூணுக்கு முப்பத்தாறு வயது. வாரந்தோறும் நசுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தையின் ஆட்டத்துக்கும் மதிப்பெண் போட்டவர் என் நண்பர்.

ஒரு ஞாயிறு அந்தத் தூணுக்கு இதழ் மூன்று போட்டிருந்தது. படிக்க வாயெடுத்தபோது நண்பரின் முகத்தைப் பார்த்தேன். தோல்விச் செய்தியைக் கேட்டுக் கேட்டு அது இறுகியிருந்தது. "ஐந்து" என்று படித்தேன்.

இதை எப்படிச் செய்தேன் என்று பிறருக்கு விளக்குவது கடினம். நம் ஊரில் விடைத்தாள் திருத்தியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடைதோறும் திருத்தும் முகாமில் உட்காருவோம். முப்பத்திரண்டில் நிற்கும் தாளைத் தலைமைத் தேர்வாளர் கையில் எடுப்பார், எங்களைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். எங்கேனும் ஒரு விடையில் மூன்று மதிப்பெண் கூடும். கருணை மதிப்பெண் என்று பெயர். இதில் எவருக்கும் குற்றவுணர்வு இருந்ததில்லை. ஒரு பிள்ளை கரையேறியது என்ற நிறைவே இருந்தது. முப்பதாண்டுப் பழக்கம் கையில் இறங்கி நாவிலும் ஏறியிருந்தது போலும். அடுத்த வாரம் தூணுக்கு மட்டுமன்றி அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கும் கூட்டினேன். அதற்கடுத்த வாரம் முன்வரிசை முழுவதையும் கரையேற்றினேன். சில உரிச்சொற்களை விழுங்கினேன். 'இரங்கத்தக்க' என்பது 'சோர்வான' என்று ஆயிற்று.

நண்பர் ஐயுறவில்லை. ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவன் யாரு, புது ரிப்போர்ட்டரா? பேர் படிங்க."

படித்தேன். பழையவர்தான்.

"அப்ப வயசாயிடுச்சு அவனுக்கு. அள்ளிக் குடுக்கறான். அறுபது மீட்டர் பின்னாடி போன மெலேக்கு அஞ்சா? எழுதுங்க வாத்தியாரே, ஆசிரியருக்குக் கடுதாசி."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மதிப்பெண் என்பது நன்கொடையன்று, இத்தகைய தாராளம் ஆட்டக்காரரை இழிவுபடுத்துகிறது, இருபத்தாறு ஆண்டு ஊர்ச் செய்தியாளன் என்ற உரிமையில் கேட்கிறேன். செம்மையான கடிதம், ஒரு சொல்லைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. "போட்டானா?" என்று வாரந்தோறும் கேட்டார். "இன்னும் இல்லை" என்று வாரந்தோறும் சொன்னேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் பிரான்சுக்குத் தொலைபேசியில் பேசுவார் என்று அறிவேன். அங்கே மாலை ஆறு. ஊர்ச் சிற்றுண்டிக் கடையில் நான்கு பழைய தோழர்கள் கைப்பேசியை மேசை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்கள் பேசுவது வானிலை என்று எண்ணியிருந்தேன். அந்த நால்வரும் இதழைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு மதிப்பெண்களைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் வாதிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழன் மாலை. நடைக்குச் சென்ற நான், நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கிய நண்பரின் மகளைத் தெருமுனையில் கண்டேன். அவள் என்னைக் கண்டதும் நின்றாள்.

"அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பா உங்ககிட்ட நார்மலா பேசறாரா?"

"நன்றாகப் பேசுகிறாரே அம்மா. ஏன்?"

"பிரான்ஸ்ல அவர் ஃபிரெண்ட் ஒருத்தர் கால் பண்ணினார். மூணு மாசமா அப்பா ஸ்கோர் எல்லாம் தப்பு தப்பா சொல்றாராம். பேப்பர்ல மூணுன்னு இருந்தா அஞ்சுன்னு அடிச்சுப் பேசறாராம். அவங்க முதல்ல சிரிச்சிருக்காங்க. இப்ப சிரிக்கறதில்லையாம்." அவள் தோள்பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை மெமரி கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். மே மாசம் டிக்கெட்ட கேன்சல் பண்ணப் போறேன், அங்கிள். அவர தனியா எப்படி அனுப்பறது?"

மே மாதப் பயணம் என்னவென்று எனக்குத் தெரியும். பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். கழகம் இரண்டாம் பிரிவில் நிற்குமா இறங்குமா என்பது அன்று தெரிந்துவிடும். ஆடுகளத்து இலக்குக் கம்பத்துக்குப் பின்புறம் அந்த நால்வரோடு தம் பழைய இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஓரப்பார்வையில் மிஞ்சியதும் அடுத்த ஆண்டுக்குள் குறைந்துவிடும் என்று மருத்துவர் கூறியிருந்தார். நான் கூட்டிய எண்கள் அந்தப் பயணத்தைத் தின்றுகொண்டிருந்தன.

"அம்மா, உன் அப்பாவின் நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. தவறு என்னுடையது. வீட்டுக்குப் போகலாம், அவர் முன்னாலேயே சொல்கிறேன்" என்றேன்.

"இல்ல அங்கிள், நீங்க அவர காப்பாத்த பாக்கறீங்க..."

"முதலில் வா."

அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் காலடியோசையை அடையாளம் கண்டு, "என்ன வாத்தியாரே, வியாழக்கிழமைக்கும் பேப்பர் வந்துடுச்சா?" என்றார். நின்றபடியே சொன்னேன். எந்த வாரம் தொடங்கியது, யார் யாருக்குக் கூட்டினேன், எந்தச் சொற்களை விழுங்கினேன், கடிதம் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கதவருகே பையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

அவர் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "எனக்குக் கருணை போட்டீங்களா, இல்ல அவனுக்கா?" என்றார்.

"முதலில் உங்களுக்கு."

"நான் எந்தப் பரிச்சையில வாத்தியாரே ஃபெயில் ஆனேன்?"

நான் மகளைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"அந்தத் தூணோட அப்பன் வாத்து பிடிச்சிட்டு வந்து வீட்டு வாசல்ல நிப்பான். ஞாயித்துக்கிழமை அவன் ஆட்டம் நாலுன்னா நாலுதான். வாத்து வேற, நாலு வேற. வாத்த வாங்கி சமைச்சும் சாப்பிட்டேன், நாலும் போட்டேன். அடுத்த வாரமும் அவன் எங்கிட்டதான் வந்து பேசினான். ஏன் தெரியுமா? நான் சொல்றது நெசம்னு அவனுக்குத் தெரியும்." குரல் உயர்ந்தது. "கண்ணு போச்சு, சரி. அந்த நாலு பேருக்கு முன்னாடி என் பேச்சு இருந்துச்சு. அதயும் எடுத்துட்டீங்களே!"

"அப்பா, பிரஷர்..." என்றாள் மகள்.

"பிரஷர் இருக்கட்டும்மா. மூணு மாசமா அந்த நாலு பேரும் என்னப் பைத்தியக்காரன்னு நெனச்சிருக்காங்க. நானும் நெனச்சேன்." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. "போன வாரம் நானே நெனச்சேன், மூளைதான் போவுதுபோலன்னு."

அந்தச் சொல்லுக்குப் பின் நான் உட்கார்ந்தேன். என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் அவர்களிடம் சொல்கிறேன்" என்றேன்.

"மெயில் போடறேன்னு சொல்லாதீங்க."

"நேரே பேசுகிறேன்."

"இந்த ஞாயித்துக்கிழமை பேப்பர எனக்குப் படிக்க வேணாம். திங்கக்கிழமை அவுங்க முன்னாடி படிங்க. அவுங்க கையில பேப்பர் இருக்கும்."

மகள் என்னோடு மின்தூக்கிவரை வந்தாள். "டிக்கெட்ட மண்டே வரைக்கும் தொட மாட்டேன், அங்கிள். ஆனா டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கட்டும். ஸாரி" என்றாள். அவள் செய்தது சரி என்றே சொன்னேன்.

வெள்ளியும் சனியும் என் அறையில் நடந்தபடி பேச்சை ஒத்திகை பார்த்தேன். நூலில் கற்ற பிரெஞ்சு என்னுடையது. அந்த நாட்டில் நான் மொத்தம் பதினோரு நாள்கள்தான் இருந்திருக்கிறேன். தென்மேற்கு ஊர்க்காரர்களின் பேச்சு பாறைமேல் வண்டி ஓடுவது போலிருக்கும் என்று நண்பரே எச்சரித்திருந்தார். என் மகன் அறைக்கதவில் சாய்ந்து கேட்டுவிட்டு, "அப்பா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அங்கிளோட பொண்ணே கால் பண்ணி எக்ஸ்பிளெயின் பண்ணிட்டா முடிஞ்சுதே" என்றான். என் தவறை வேறொருவர் வாயால் சொல்லவைப்பது இன்னொரு கருணை மதிப்பெண் ஆகும் என்றேன். அவன் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தான். ஒன்பது வாக்கியங்கள் எழுதினேன். ஞாயிறு இரவு உணவுக்கு முன் அவற்றைக் கிழித்துப் போட்டேன். எழுதியதை மாற்றிப் படித்துத்தானே இந்த நிலைக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை மகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சமையலறை மேடையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தாள். நண்பர் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் கோப்பைகள் மோதும் ஒலியும் ஒரே நேரத்தில் நான்கு குரல்களும் வந்தன. அவர் இரண்டே சொற்களில் என்னை அறிமுகப்படுத்திவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார்.

சொன்னேன். உங்கள் நண்பர் சொன்ன ஒவ்வோர் எண்ணும் நான் படித்துக் காட்டிய எண். அவர் நினைவு பிசகவில்லை. நான்தான் பொய் படித்தேன். மதிப்பெண் மிகுதி என்று அவர் ஆசிரியருக்கே கடிதம் எழுதச் சொன்னார். அதையும் நான் மறைத்தேன்.

கோப்பை ஒலி நின்றது. பிறகு ஒரு தடித்த குரல், ரொட்டிக்கடை வைத்திருந்தவருடையது, சிரிக்கத் தொடங்கியது. "பேராசிரியரே, எங்கள் தூணுக்கு ஐந்து போட்டது நீங்களா? அவன் என் தங்கை மகன். நானே மூன்றுக்கு மேல் போடமாட்டேன்!" இன்னொருவர், "நான்கே நிமிடம் ஆடிய மாற்று ஆட்டக்காரனுக்கு ஆறு போட்டீர்களே, அவன் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். மேசை குலுங்கும் சிரிப்பு. நண்பரின் உதடும் ஓரத்தில் அசைந்தது.

நான்காமவர் சிரிக்கவில்லை. திராட்சை பயிரிடுபவர், நண்பரின் மகளோடு தொலைபேசியில் பேசியவர் அவர்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஐயா, மூன்று மாதமாக என் நண்பனை இழந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை" என்றார்.

"அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை" என்றேன்.

"மறுமொழி வேண்டாம். பக்கம் பன்னிரண்டு. படியுங்கள். என் கையில் இருக்கிறது."

படித்தேன். அந்த வாரத்துத் தோல்வி பருவத்திலேயே பெரியது. எழுதியவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. 'இரங்கத்தக்க' என்ற சொல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் படித்தேன். கடலுக்கு அப்பால் தாளில் விரல் ஓடும் ஓசை கேட்டது. ஒருமுறை ஒரு வரியைத் தவறவிட்டேன். திராட்சைக்காரர் உடனே நிறுத்தினார். அந்த வரிக்குத் திரும்பினேன். நண்பர் கண்களை மூடியிருந்தார். பிறகு கட்டத்துக்கு வந்தேன். பதினைந்தாம் எண், நான்கு. பதினான்கு, மூன்று. இறங்கி இறங்கி மூன்றாம் எண்ணுக்கு வந்தேன். இதழ் போட்டிருந்தது இரண்டு. "இரண்டு" என்றேன், மற்ற எண்களைச் சொன்ன அதே குரலில். ரொட்டிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

திராட்சைக்காரர்தான் முதலில் பேசினார். என்னிடம் அல்ல. "நீ மே மாதம் வருகிறாயா?" என்று நண்பரைக் கேட்டார்.

நண்பர் கண்ணைத் திறந்து சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தார். மகளுக்குப் பிரெஞ்சு தெரியும். அந்த ஊரில் பிறந்தவள். அவள் மடிக்கணினியை மூடினாள்.

"மே மாசம் அங்க ஜாக்கெட் வேணுமாப்பா?"

"மழ பேஞ்சா வேணும்."

"அப்ப எடுத்து வைக்கறேன். டாக்டர் நாளைக்குத்தான். அதுக்கும் வரணும்."

"வரேன், வரேன். அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்றேன்" என்றார். பிறகு கைப்பேசியை நோக்கிப் பிரெஞ்சில், "வருகிறேன். என் இடத்தில் எவனையும் நிறுத்தாதே" என்றார். மறுமுனையில் மறுபடி எல்லாக் குரல்களும் எழுந்தன.

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது; தோள்தான் தெரிந்திருக்கும்.

"ஏன் நின்னுட்டீங்க வாத்தியாரே? இன்னும் ரெண்டு பேரு இருக்கான், அப்புறம் பெஞ்சு."

எஞ்சியவர்களையும் படித்தேன்.